இரு ஏடுகளை ஒன்றாக இணைத்தல்

நம் சங்கங்களில் ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. அங்கத்தினர் பதிவேடு ஒன்று, பங்குத் தொகைப் பேரேடு ஒன்று. நெசவாளர் சங்கமாயின் நூல் வழங்கிய ஏடு, துணி வரவு ஏடு, கூலிப் பட்டியல் ஆகியவை வேறு. வேளாண்மைக் கடன் சங்கமாயின் பயிர்க்கடன் ஏடு, உர விற்பனை ஏடு, தவணை வசூல் ஏடு ஆகியவை வேறு. ஒவ்வோர் ஏடும் தன்னளவில் சரியாகவே இருக்கலாம். அதன் கூட்டுத்தொகை ஒரு பைசாவும் பிசகாமல் நிற்கலாம். ஆயினும் அங்கத்தினர் வந்து கேட்கும் கேள்வி ஓர் ஏட்டுக்குள் அடங்குவதில்லை. "நான் வாங்கிய நூலுக்கு எவ்வளவு துணி வரவாகியிருக்கிறது? அதற்குரிய கூலி முழுவதும் வந்துவிட்டதா?" என்று அவர் கேட்கிறார். இதற்கு விடை கூற வேண்டுமானால் மூன்று ஏடுகளை அருகருகே விரித்து, ஒரே அங்கத்தினரின் வரியை மூன்றிலும் தேடியாக வேண்டும்.

இக்காலத்தில் ஏடுகள் பெரும்பாலும் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. ஆயினும் அவை அங்கும் தனித்தனிக் கோப்புகளாகவே இருக்கின்றன. அவற்றை இணைப்பதற்குப் பெரிய மென்பொருள் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் முதலிய முறைகள் இயங்கும் கணிப்பொறிகளில், கட்டளை வரியில் ஒரு சொல்லைத் தட்டினால் இவ்வேலையைச் செய்து தரும் சிறு கருவிகள் முன்னரே அமைந்திருக்கின்றன. அவற்றின் இயல்பையும், அவற்றைக் கையாளும்போது நேரும் பிழைகளையும், சங்கக் கணக்கோடு பொருத்தி இங்குக் கூற விழைகிறோம். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். படிப்போரின் வசதிக்காக அவற்றைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறோம்.

நாம் கற்ற பாடம்

முதலில் நம்முடைய தவறு ஒன்றையே கூறிவிடுகிறோம். ஒரு நெசவாளர் சங்கத்தில் தீபாவளி போனஸ் பட்டியலைச் சரிபார்க்கும் பணி நமக்கு வந்தது. அங்கத்தினர் பதிவேட்டையும் ஆண்டுக் கூலிப் பட்டியலையும் கணிப்பொறியில் இணைத்துப் பட்டியலைத் தயாரித்திருந்தார்கள். வரிக்கு வரி போனஸ் விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. கூட்டுத்தொகையைக் கூட்டிப் பார்த்தோம். அதுவும் சரியாக இருந்தது. ஒப்பமிட்டுக் கொடுத்தோம்.

மறுநாள் ஓர் அம்மையார் சங்க வாயிலில் வந்து நின்றார். "ஐயா, வருஷம் முழுதும் நெய்து போட்டிருக்கிறேன், கூலியும் வாங்கியிருக்கிறேன். பட்டியலில் என் பெயர் இல்லை என்கிறார்களே!" என்றார். "சற்று உட்காருங்கள் அம்மா, பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு ஏடுகளைப் புரட்டினோம். அவருடைய கணவர் இறந்தபின் அங்கத்தினர் உரிமை அவர் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. பதிவேட்டில் அவர் எண் 213அ. கூலி எழுதியவரோ பழைய வழக்கப்படி 213 என்றே எழுதி வந்திருக்கிறார். நமக்கு இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பது புரியும். கணிப்பொறிக்கு அவை வேறு வேறு. ஆகவே, பதிவேட்டிலிருந்த அவருடைய வரியும் கூலிப் பட்டியலிலிருந்த அவருடைய வரியும் துணை காணாமல், எச்சரிக்கை ஏதுமின்றி விடப்பட்டுவிட்டன.

இணைந்து வந்த பட்டியல் எப்போதும் தனக்குத்தானே ஒத்திருக்கும். அதன் கூட்டுத்தொகையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் நாம் கண்டது ஒன்றுமில்லை. மூலக் கூலிப் பட்டியலின் மொத்தத்தோடு ஒப்பிட்டிருந்தால் குறை அப்போதே தெரிந்திருக்கும். பிறகு, இணையாமல் நின்ற வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தோம். அவரைத் தவிர வேறு இருவரும் அதில் இருந்தார்கள். அவ்விருவரும் கேட்க வரவேயில்லை. துணைப் பட்டியல் எழுதி மூவருக்கும் தொகை சேர்ப்பிக்கப்பட்டது. அந்த அம்மையார் வாயிலுக்கு வராதிருந்தால் மூவரும் விடுபட்டே போயிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது, அன்று இட்ட ஒப்பம் இன்றும் உறுத்துகிறது.

இக்கருவிகள் தோன்றிய வரலாறு

இரு பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் இயந்திரம் கணிப்பொறிக்கு முந்தியது. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கணக்கைத் தனித்தனியே பேண வேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. அவ்வேலைக்குத் துணையாக ஐ.பி.எம். கம்பெனி 1937-இல் ஒரு துளையட்டை இயந்திரத்தை வெளியிட்டது. வரிசைப்படுத்திய இரண்டு அட்டைக் கட்டுகளை அதில் இருபுறமும் வைத்தால், இயந்திரம் இரண்டின் எண்களையும் ஒப்பிட்டு, ஒத்தவற்றைச் சேர்த்து, ஒவ்வாதவற்றை வேறு பெட்டியில் தள்ளும். ஒவ்வாத அட்டைகளுக்கென்று அன்றே தனிப் பெட்டி வைத்திருந்தார்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னரே, 1964-இல், அங்குப் பணியாற்றிய டக்ளஸ் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்த் துண்டுகளை வேண்டியபோது ஒன்றோடொன்று திருகிப் பொருத்துவதுபோல, சிறு சிறு கணிப்பொறி நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என்பது அதன் கருத்து. 1973-இல் தாம்சன் அவ்வசதியை யூனிக்ஸில் அமைத்தார். ஒரு கருவியிலிருந்து வெளிவருவது அடுத்த கருவிக்குள் பாயும் இம்முறைக்குப் 'பைப்', அதாவது குழாய், என்றே பெயராயிற்று. வாய்க்கால் வெட்டி மடை மாற்றும் உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில், ஐ.பி.எம். ஆய்வாளராகிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, பொதுவான ஒரு பத்தியைக் கொண்டு வேண்டும்போது இணைத்துக்கொள்ளலாம் என்னும் முறையைக் கணித அடிப்படையோடு நிறுவினார். அந்த இணைப்புக்கு அவர் இட்ட பெயர் 'ஜாயின்'. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அதே பெயரில் ஒரு சிறு கருவி இடம் பெற்றது. சாதாரண எழுத்துக் கோப்புகள் இரண்டை இணைப்பதே அதன் வேலை. இன்று குனூ திட்டத்தின் இலவசக் கருவித் தொகுப்பிலும் அது இருக்கிறது.

இணைப்பு நடைபெறும் விதம்

அங்கத்தினர் கோப்பில் எண்ணும் தெருவும் இருப்பதாகக் கொள்வோம்:

0041 கீழத்தெரு
0057 மேட்டுத்தெரு
0063 குளத்தங்கரை

நூல் வழங்கிய கோப்பில் எண்ணும் சிட்டமும் இருக்கின்றன:

0041 12
0063 8
0088 10

'ஜாயின்' என்று தட்டி இரு கோப்புகளின் பெயர்களையும் கொடுத்தால் கிடைப்பது:

0041 கீழத்தெரு 12
0063 குளத்தங்கரை 8

இரு கோப்புகளிலும் முதற் பத்தியிலுள்ள எண்ணே இங்குப் பொதுத் திறவுகோல். அது ஒத்த இடத்தில் மட்டும் இரு வரிகள் ஒரு வரியாகின்றன. 0057-உம் 0088-உம் விடையில் காணப்படவில்லை; அவை விடுபட்டதாக ஒரு சொல்லும் வரவில்லை. நாம் வேறுவிதமாகக் கேளாதவரை இக்கருவியின் இயல்பு அதுவே.

கேட்கும் வழி எளிது. கழித்தற்குறியுடன் 'வி' என்னும் எழுத்தையும் 1 என்னும் எண்ணையும் சேர்த்துக் கட்டளையிட்டால், முதற் கோப்பில் துணை காணாது நின்ற வரிகள் மட்டும் வரும். 1-க்குப் பதில் 2 என்றால் இரண்டாம் கோப்பில் அவ்வாறு நின்றவை வரும். 'வி'க்குப் பதில் 'ஏ' என்னும் எழுத்தை இட்டால், இணைந்தவற்றோடு இணையாதவையும் சேர்ந்து வரும்.

இவ்விரண்டு விடைகளும் சங்கத்துக்கு இருவேறு செய்திகளைச் சொல்கின்றன. 0057 அங்கத்தினர், ஆனால் அவருக்கு நூல் வழங்கப்படவில்லை. தறி நின்றுவிட்டதா, நோயுற்றிருக்கிறாரா, அல்லது அவருக்குரிய நூல் வேறு எண்ணில் எழுதப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். 0088-க்குப் பத்துச் சிட்டம் நூல் சென்றிருக்கிறது. ஆனால் அவ்வெண்ணில் அங்கத்தினரே இல்லை. அது எழுத்துப் பிழையா, அல்லது வேறு ஏதேனுமா என்று விசாரிக்க வேண்டும். முதற் கேள்வி அங்கத்தினரின் உரிமையைக் காக்கிறது. இரண்டாவது சங்கத்தின் பொருளைக் காக்கிறது.

'பேஸ்ட்' என்று மற்றொரு கருவி உண்டு. அது எண்ணை ஒப்பிடுவதில்லை. முதற் கோப்பின் முதல் வரியோடு இரண்டாம் கோப்பின் முதல் வரியையும், இரண்டாவதோடு இரண்டாவதையும் ஒட்டிக்கொண்டே செல்லும். பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைக்கும்போது ஓர் இழை தப்பினால், அதற்கப்பால் உள்ளவை எல்லாம் ஓரிடம் தள்ளிப் போகும் என்பதை நெசவாளர் அறிவர். மேற்கண்ட கோப்புகளைப் 'பேஸ்ட்' செய்தால் 0063-க்கு உரிய எட்டுச் சிட்டம் 0057-இன் அருகில் போய் நிற்கும். இரு கோப்புகளும் ஒரே வரிசையில், ஒரே அளவில் இருப்பது உறுதியானால் அன்றி அதைத் தொடலாகாது.

வழியில் உள்ள மேடுபள்ளங்கள்

முதலாவது, வரிசை. 'ஜாயின்' இரு கோப்புகளையும் மேலிருந்து கீழாக ஒரே நடையில் படிக்கிறது. ஆகவே, 'சார்ட்' என்னும் கருவியால் இரண்டையும் முன்னதாகவே வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கருவி எண்ணை எண்ணாகக் கருதாமல் எழுத்துக் கோவையாகவே கருதுகிறது. அகராதி முறைப்படி 10 என்பது 2-க்கும் 9-க்கும் முன்னால் நிற்கும். நாம் எண்மதிப்பின்படி 2, 9, 10 என்று அடுக்கினால் இணைப்புக் குலையும். குனூ வகைக் கருவி பெரும்பாலும் எச்சரிக்கை தரும். எச்சரியாமலே வரிகளை விட்டுச் செல்லும் வகைகளும் உண்டு. எல்லா எண்களையும் 0002, 0009, 0010 என்று நான்கு இலக்கமாக எழுதினால் இரு முறைகளும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, அட்டவணை மென்பொருள் செய்யும் 'உதவி'. எக்செல் முதலியவற்றில் 0127 என்று தட்டினால், முன்னுள்ள சுழியத்தை நீக்கி 127 ஆக்கிவிடும். உழவர்களின் புல எண் இன்னும் இடர்ப்பாடானது. 5/2 என்னும் உட்பிரிவை அது தேதி என்று எண்ணி மாற்றிவிடும். பிறகு பயிர்க்கடன் ஏட்டில் உள்ள நிலமும் அடங்கல் நகலில் உள்ள நிலமும் எவ்வாறு இணையும்? அப்பத்திகளை எழுத்து வகை என்று முன்னரே குறித்துவிட்டுத் தட்டுவதே முறை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். வின்டோஸ் முறையில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கூடுதல் குறி ஒளிந்திருக்கும். அங்கத்தினர் எண் கடைசிப் பத்தியில் இருந்தால் அக்குறி எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு ஒன்றாயினும் ஒரு வரியும் இணையாது. சில கோப்புகளின் தொடக்கத்திலும் இத்தகைய மறைகுறி ஒன்று இருப்பதுண்டு; அப்போது முதல் வரி மட்டும் விடுபடும். 'டிஆர்', 'செட்' என்னும் கருவிகளால் இவற்றை நீக்கலாம்.

நான்காவது, பெயரைத் திறவுகோலாகக் கொள்வது. முதலெழுத்து முன்னே வருவதும் பின்னே வருவதும், புள்ளி இருப்பதும் இல்லாததும் யாவரும் அறிந்தவை. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் ககரத்தோடு ஒரே உயிர்க்குறி சேர்த்தும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பில் அவை வேறு. மேலும், ஒரே பெயருடைய இருவர் ஒரே தெருவில் இருப்பதும் நம் ஊர்களில் அபூர்வமன்று. ஆகவே, பெயர் மனிதர் படிப்பதற்கு. இணைப்பதற்கு எண்ணே வேண்டும்.

ஐந்தாவது, ஒருவருக்குப் பல வரிகள் இருத்தல். இதுவே பெருந்தொகைப் பிழைக்கு இடமளிப்பது. ஓர் அங்கத்தினர் மும்முறை நான்கு நான்கு சிட்டம் நூல் பெற்றார். இருமுறை ஐந்து ஐந்து சேலைகள் கொடுத்தார் என்று கொள்வோம். உண்மையில் நூல் 12 சிட்டம், சேலை 10. இவ்விரு கோப்புகளையும் அப்படியே இணைத்தால், மூன்று வரிகளும் இரண்டு வரிகளோடு தனித்தனியே சேர்ந்து ஆறு வரிகள் உண்டாகும். அவற்றைக் கூட்டினால் நூல் 24 ஆகவும் சேலை 30 ஆகவும் காட்டும். ஆகவே, முதலில் 'ஆக்' என்னும் கருவியால் ஒவ்வோர் ஏட்டிலும் அங்கத்தினர்வாரி மொத்தம் எடுத்து, ஒருவருக்கு ஒரு வரி என்று ஆக்கிய பின்னரே இணைக்க வேண்டும்.

கடைப்பிடிக்கத்தக்க முறை

இவற்றை மனத்திற் கொண்டு நாம் இப்போது பின்பற்றும் ஒழுங்கைக் கூறுகிறோம். மூலக் கோப்புகளைத் தொடாமல் நகல் எடுத்துக்கொள்கிறோம். நகலில் மறைகுறிகளை நீக்கி, எண்களை நான்கு இலக்கமாக்குகிறோம். 213அ போன்ற எண்களை இம்மாற்றத்தில் சிதைய விடாமல் தனியே எடுத்து, கையால் ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் புதிய தனியெண் தருமாறு சங்கத்துக்கு எழுதுகிறோம். பிறகு வரிசைப்படுத்தி, 'யூனிக்' என்னும் கருவியால் ஒரே எண் இருமுறை வருகிறதா என்று பார்க்கிறோம். வந்தால் மொத்தம் எடுத்து ஒரு வரியாக்குகிறோம். அதன் பின்னரே இணைப்பு.

இணைத்தவுடன் இரண்டு சமன்பாடுகளைச் சோதிக்கிறோம். ஒருவருக்கு ஒரு வரி என்றிருக்கும்போது, இணைந்த வரிகளும் முதற் கோப்பில் இணையாது நின்றவையும் சேர்ந்து முதற் கோப்பின் மொத்த வரிகளுக்குச் சமமாக வேண்டும். இரண்டாம் கோப்புக்கும் அவ்வாறே. வரிகளை எண்ணித் தர 'டபிள்யூசி' என்னும் கருவி உண்டு. தொகையிலும் இதே விதி: இணைந்தவற்றின் தொகையும் இணையாதவற்றின் தொகையும் கூடி மூல ஏட்டின் மொத்தத்தைத் தர வேண்டும். இருப்பாய்வுப் பட்டியலில் பற்றும் வரவும் சமன் ஆவதைப் போன்றதே இது.

இணையாத வரிகளை அச்சிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் காரணத்தை எழுதச் சொல்கிறோம். 'இறந்தார்', 'தறி நிறுத்தினார்', 'எண் தவறு', 'வாரிசுக்கு மாற்றம்' என்று ஏதேனும் ஒரு காரணம் இருந்தே தீரும். காரணம் எழுதப்படாத ஒரு வரி எஞ்சியிருந்தாலும் பட்டியலில் ஒப்பமிடுவதில்லை.

இவ்வளவும் அட்டவணை மென்பொருளிலேயே செய்ய இயலாதா என்று சிலர் கேட்கக்கூடும். இயலும். ஆயினும் கட்டளை வரியில் ஒரு சிறப்பு உண்டு. நாம் தட்டிய கட்டளைகளை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு வேறோர் ஆய்வாளர் வந்தாலும், அதே மூல ஏடுகளின்மேல் அதே கட்டளைகளை ஓட்டி, அதே விடை வருகிறதா என்று பார்க்கலாம். எந்தக் கட்டத்தில் எது நீங்கியது, எது சேர்ந்தது என்பது மறையாது. மூலக் கோப்புகளும் மாறாமல் இருக்கும். தணிக்கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறி வாங்குவதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய வேலை ஒன்றே: ஓர் அங்கத்தினருக்கு ஓர் எண், அதே எண் எல்லா ஏடுகளிலும், ஒரே வடிவில். இதற்குப் பணச் செலவில்லை. கவனம் ஒன்றே போதும். அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பாஸ்புத்தகத்தில் உள்ள எண்ணும், கூலிச் சீட்டில் அல்லது கடன் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் செயலாளரிடம் சென்று திருத்திக் கொள்ளுங்கள். உரிமை வாரிசுக்கு மாறிய குடும்பங்கள் இதை மறவாமல் செய்ய வேண்டும்.

கூட்டுறவு என்பது பலர் ஒரு கணக்கில் சேர்வது. அக்கணக்கில் சேராமல் நிற்பவர் யார் என்று முதலில் கேட்பதே நம் கடமை. பட்டியல் தயாரானதும் அதில் இருப்பவர்களைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன், இல்லாதவர்களை அழைத்து விசாரிப்போமாக.